மாறுகண்: கண்ணாடியா, கத்தியா, இருந்துட்டுப் போகட்டுமா?

ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பாதி வியாபாரம் கண்ணால் நடக்கும். ஐந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணப் பெண் யார், பணம் எடுத்து வைக்கப்போவது யார், "வேற இருந்தா காட்டுங்க" என்று கடைசி நேரத்தில் கலைத்துவிடப்போகும் நாத்தனார் யார் என்று முகம் பார்த்துப் பார்த்துத்தான் சேலையை விரிக்க வேண்டும். நான் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து, கல்யாணப் பெண்ணைப் பார்த்து "இது எப்படி இருக்கு?" என்பேன். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கும் சித்தி நிமிர்ந்து, "என்னையா கேக்கிய அண்ணாச்சி?" என்பார். கல்யாணப் பெண் தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள், நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று.

எனக்கு இடது கண் வெளிப்பக்கம் ஓடும். பிறந்ததிலிருந்தே அப்படி என்று அம்மா சொல்வாள். மூன்று வயதில் அம்மை போட்டு எழுந்த பிறகு என்று ஆச்சி சொல்வாள். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் இதற்கு மாறுகண், ஒண்ணரைக்கண் என்றெல்லாம் பெயர். கூடவே "அதிர்ஷ்டக் கண்ணுல அது" என்று ஒரு சமாதானமும் உண்டு. அந்த அதிர்ஷ்டம் 27 வயதில் என்னைக் குடோனுக்கு அனுப்பியது. கடையின் பெயர் வேண்டாம். மேலாளர் கெட்ட மனிதரும் இல்லை. "ஒனக்கு அங்கன நிம்மதியா இருக்கும்ல" என்றுதான் சொன்னார். பெட்டி பிரித்து விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கிருந்து சில வருடத்தில் கணக்குப் பிரிவு. 38 வயதில் கண்ணுக்கு அறுவை செய்துகொண்டேன். இப்போது வயது 41.

அதிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "பண்ணலாமா, வேண்டாமா?" ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்ல முடியவில்லை. என் குடும்பத்திலேயே நான்கு பேர் நான்கு வழியில் போயிருக்கிறோம். நான் கத்தி. மாமா ஒட்டுக் கண்ணாடி. சித்தி மகள் பயிற்சி. அத்தை, ஒன்றுமே வேண்டாம் என்றவள். நான்கு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே சில விஷயம் பிடிபட்டது.

தொந்தரவு கண்ணிலா, முகத்திலா?

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும். சின்ன வயதிலேயே கண் விலகிவிட்டால், மூளை புத்திசாலித்தனமாக விலகின கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். அதனால் இரட்டையாகத் தெரியாது. ஆனால் அந்தக் கண் சோம்பேறியாகிப் பார்வை மங்கலாம், ஆழம், அதாவது எது கிட்டே எது தூரம் என்று தெரிவதும் குறையும். பெரியவரான பிறகு புதிதாக விலகினால் மூளைக்கு அந்த ஒதுக்கும் வித்தை வராது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் "மாறுகண்" என்று அழைப்பதால்தான் குழப்பமே. ஒருவருக்குப் பிரச்சினை பார்வை. இன்னொருவருக்குப் பிரச்சினை மற்றவர்களின் பார்வை. இரண்டுக்கும் மருந்து வேறு.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2009-ல் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். பெரியவர்களின் மாறுகண்ணுக்கு 20 கேள்வி. முதல் பத்து மனமும் மனிதரும் பற்றியது: என் கண்ணைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுகிறேனா, என்னை நேராகப் பார்க்க ஆட்கள் தவிர்க்கிறார்களா என்கிற மாதிரி. அடுத்த பத்து காரியம் பற்றியது: தெளிவாகத் தெரிய ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேனா, படிக்கும்போது அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறதா, ஆழம் தெரிவதில் சிரமமா. ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை ஐந்து பதில். தொந்தரவே இல்லையென்றால் 100, முழுத் தொந்தரவு என்றால் 0.

நான் அதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் கேட்டேன். டாக்டர்கள் கணக்கில் இது செல்லாது. ஆனாலும் படம் தெளிவாகத் தெரிந்தது. அறுவைக்கு முன் எனக்கு முதல் பத்தில் 35, இரண்டாம் பத்தில் 80. மாமாவுக்குத் தலைகீழ்: முதல் பத்தில் 90, இரண்டாம் பத்தில் 20. அத்தைக்கு இரண்டுமே 90-க்கு மேல்.

இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளாமல் எந்த வழிக்கும் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் முதலில் சொல்கிறேன். டாக்டர் எவ்வளவு கோணம் விலகியிருக்கிறது என்று அளப்பார். அது அவர் வேலை. அந்தக் கோணம் எத்தனை கல்யாண வீட்டுப் போட்டோவில் உங்களைப் பின்வரிசைக்கு அனுப்பியது என்று அவர் கருவி அளக்காது.

ஒன்றும் செய்யாமல் விடுவது

அத்தை முக்கூடலில் பீடி சுற்றுகிறாள். மடியில் சொளவு, அதில் இலையும் தூளும். கத்தரித்த இலையை எடுத்து, தூளை நீளவாக்கில் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி வீசுவாள். இவ்வளவும் நடக்கும்போது அவள் டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். வலது கண் டி.வி.யில், மூக்குப் பக்கம் திரும்பின இடது கண் சொளவில் என்று நாங்கள் சின்னப் பிள்ளையில் கேலி பண்ணுவோம். அந்த இடது கண்ணில் பார்வை குறைவு. அறுபது வருடமாக அப்படித்தான்.

என் கண் நேரான பிறகு அவளையும் கூட்டிப்போகலாம் என்று நின்றேன். "ஏல மருமவனே, எனக்கு எதுக்குல இது? பொண்ணு பாக்கவா வாராவ? கை ஓடுது, போதும்" என்றாள். முதலில் அவள் பயத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். கேள்வித்தாளை வைத்துக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு உண்மையிலேயே குறை ஏதும் இல்லை. கட்டின புருஷன், சுற்றியிருக்கிற பீடிக்கார அக்காமார், எல்லோரும் அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று பழகியவர்கள். சோம்பேறிக் கண்ணின் பார்வை இந்த வயதில் அறுவையால் திரும்பாது. கிடைப்பது நேரான தோற்றமும், உட்பக்கம் திரும்பின கண் நேரானால் பக்கவாட்டில் தெரியும் பரப்பு கொஞ்சம் விரிவதும்தான். அதை அவள் கேட்கவில்லை.

ஆகவே, சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, இரட்டை தெரியவில்லை, மனசிலும் அரிப்பு இல்லை என்றால் சும்மா விடுவது சோம்பல் ஆகாது. அதுவும் ஒரு முடிவு. வருடத்துக்கு ஒருமுறை நல்ல கண்ணைக் காட்டிக்கொண்டால் போதும். அவளுக்கு அந்த ஒரு கண்தான் முதலீடு. கண்புரை, கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்று எது வந்தாலும் அதில்தான் இடி விழும்.

இதற்கு ஒரே விலக்கு. பெரியவருக்குப் புதிதாக வந்த மாறுகண்ணை ஒரு நாளும் சும்மா விடக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, தசைச் சோர்வு நோய், நரம்பில் அடி, மூளையில் கட்டி, இவற்றில் எதுவும் பின்னால் நிற்கலாம். திடீரென்று இரட்டையாகத் தெரிந்து, கூடவே இமை தொங்கினாலோ, ஒரு கண்ணின் பாப்பா (நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) மட்டும் பெரிதாக விரிந்திருந்தாலோ, தாங்க முடியாத தலைவலி இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் வரை கூடத் தள்ளக் கூடாது. மூளை ரத்தக்குழாய் வீங்கியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கண்ணாடி: மாமாவின் இரண்டு வரப்பு

மாமாவுக்குக் களக்காட்டுப் பக்கம் வாழை. ஒருநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், வரப்பு இரண்டாகப் பிரிந்து போவதைப் பார்த்திருக்கிறார். எது நிஜ வரப்பு என்று யோசித்து ஒன்றில் கால் வைத்தார். அது இல்லாத வரப்பு. முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அத்தான் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. "ஏல, நீ ரெண்டு பேரா நிக்க" என்றார்.

பார்த்தால் வலது கண் மூக்குப் பக்கம் இழுத்திருந்தது. சர்க்கரை 320. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்குப் போகிற ஆறாவது நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது என்றார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி வருவது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகத் தேறும். சிலருக்கு ஆறு மாதம் வரை போகும். ஆகவே கத்தி வைக்கும் பேச்சே இல்லை. தானாக நேராகப் போகிற கண்ணை இன்றைக்கு வெட்டித் தைத்தால், நரம்பு தேறின பிறகு அது எதிர்ப்பக்கம் ஓடும்.

ஆனால் அந்த மூன்று மாதம் ஓட வேண்டுமே? முதல் வழி, ஒரு கண்ணை மறைப்பது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப்பை ஒட்டினாலே இரட்டை போய்விடும். செலவு பத்து ரூபாய். மாமா அதை இரண்டு நாள் போட்டுவிட்டு, "ஒத்தக் கண்ணன் மாதிரி இருக்கு" என்று கழற்றினார். பிறகு கொடுத்ததுதான் ஒட்டுப் பட்டகம்: மெல்லிய பிளாஸ்டிக் தகடு, சன்னமாகக் கோடு கோடாக இருக்கும். கண்ணாடியின் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டி, தண்ணீரில் நனைத்து உள்பக்கம் ஒட்டிவிடுவார்கள். பசை கிடையாது. கண் விலகின அளவுக்கு அது வெளிச்சத்தை வளைத்துவிடும். பட்டகத்துக்கு ஒரு அளவு உண்டு: ஒரு மீட்டர் தூரத்தில் படத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அது ஒரு டயாப்டர். கண்ணாடிக்குள்ளேயே வைத்துத் தேய்ப்பது என்றால் சில டயாப்டர் வரைதான் தாங்கும், அதற்கு மேல் கண்ணாடி கனத்துப் போகும். ஒட்டுத் தகடு 40 வரை கிடைக்கிறது. விலகல் மாற மாறத் தகட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. தகடு வழியே பார்த்தால் கொஞ்சம் மங்கும், வெயிலில் கோடுகள் மினுங்கும். மாமா அதைக் கூட்டிப்பெருக்கிற ஓலை விளக்குமாறு வழியாகப் பார்ப்பது போலிருக்கிறது என்றார். டி.வி.எஸ். 50 அந்தக் காலம் முழுக்கத் தொழுவத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது. இரட்டை தெரிகிறவர் வண்டியைத் தொடவே கூடாது. பதினோராவது வாரம் தகட்டை உரித்துக் குப்பையில் போட்டார்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் மிச்சம்.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பட்டகக் கண்ணாடி இரட்டைப் பார்வைக்கு அருமையான மருந்து. தோற்றத்துக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. கண்ணாடி போட்டாலும் கண் அதே இடத்தில்தான் நிற்கும். எனக்கு அது ஆகாது. என் மூளை இடது கண்ணின் படத்தை எப்போதோ ஒதுக்கிவிட்டது. சேர்த்து வைக்க இரண்டாவது படம் ஏது? இதைச் சொல்லாமலே எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் பட்டகம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். சாதாரணப் பவர் கண்ணாடி வேறு கதை. தூரப்பார்வைக் கோளாறால் உட்பக்கம் திரும்பும் சிலருக்குச் சரியான பவர் போட்டாலே கண் நேராகிவிடும். அதனால் முதல் படி எப்போதும் பவர் பார்ப்பதுதான்.

பயிற்சி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்தி மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காகப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். அரை மணி நேரத்தில் எழுத்து ஓடும், நெற்றி வலிக்கும். பார்க்கிறவர்களுக்குக் கண் நேராகத்தான் இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணையும் உள்ளே குவிக்கிற சக்தி குறைவு என்று கண்டுபிடித்தார்கள். இதற்குப் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பேரை எடுத்து, ஆஸ்பத்திரியில் ஆள் வைத்துச் செய்கிற பயிற்சியையும், வீட்டில் பென்சிலை மூக்குக்கு நேரே கொண்டுவருகிற பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் முதலாவதில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். பென்சிலில் 43 சதவீதம். அவள் வயது 26; பயிற்சி செய்தாள், தேறினாள்.

ஆனால் என்னைப் போல நிரந்தரமாக, பெரிதாக விலகின கண்ணைப் பயிற்சி நேராக்காது. ஏழு நாளில் மாறுகண் சரியாகும் என்று செல்போனில் ஓடுகிற வீடியோக்களைப் பார்த்து நானும் மூன்று மாதம் பென்சிலை மூக்கில் இடித்துக்கொண்டேன். சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியை 48 வயதில் பயிற்சியால் ஆழப் பார்வை பெற்றது உண்மைதான். அவருக்குச் சிறுவயதிலேயே அறுவை செய்து கண்ணை ஏறத்தாழ நேராக்கியிருந்தார்கள். வீடியோக்காரர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுவார்கள்.

ஊசி

முகச் சுருக்கத்துக்குச் சினிமாக்காரர்கள் போட்டுக்கொள்கிற போடாக்ஸ், முதலில் மாறுகண்ணுக்காக வந்தது. சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் கத்திக்கு மாற்றாக எதையாவது தேடி இதில் வந்து நின்றார். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். சுருக்கத்துக்கு அனுமதி 2002-ல். அதிகமாக இழுக்கிற தசையில் ஊசி போட்டால் அது சில வாரம் தளரும், எதிர்த்தசை கையோங்கும். சுமார் மூன்று மாதத்தில் வேகம் குறைந்துவிடும். இடையில் இமை தொங்கலாம், அதுவும் போய்விடும். சின்ன விலகலுக்கும், மாமாவைப் போல நரம்பு தேறக் காத்திருப்பவர்களில் சிலருக்கும், அறுவைக்குப் பிறகு மிச்சம் நிற்கிற விலகலுக்கும் நல்லது. பெரிய, பழைய விலகலுக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். நான் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டேன்: மூன்று மாதத்துக்கொரு தடவை லீவு கேட்க எனக்குத் தெம்பில்லை.

கத்தி

"வயசு போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி இருபது வருடம் போக்கியிருக்கிறேன். சொன்னவர் கண் மருத்துவர் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். இதில் பாதி உண்மை. சோம்பேறிக் கண்ணின் பார்வையைத் திருப்பத்தான் சிறுவயதுக் கெடு. கண்ணை நேராக்க வயது வரம்பே இல்லை. முதல் மாறுகண் அறுவையை பெர்லினில் டீஃபன்பாக் 1839-ல் செய்தார். மயக்க மருந்து நடைமுறைக்கு வராத காலம்! இன்றைக்கு எழுபது வயதுக்காரருக்கும் செய்கிறார்கள்.

இன்னொன்று, "அழகுக்குப் பண்றது". இதைச் சொல்லியே நம்மைக் கூச வைப்பார்கள். என் முதல் பத்துக் கேள்வியின் 35 மதிப்பெண்ணை அழகு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஸ்விட்சர்லாந்தில் ஆட்களை வேலைக்கு எடுத்துக்கொடுக்கும் நிறுவனத்தாரிடமே கேட்டு ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். மாறுகண் உள்ளவருக்கு வேலை கிடைப்பது கடினம் என்று அவர்களில் பலர் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் மேலாளர் ஸ்விட்சர்லாந்துக்குப் போகாமலே அதை அறிந்திருந்தார். விலகிப்போன கண்ணை அதற்குரிய இடத்துக்குக் கொண்டுவருவதைச் சீரமைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். காப்பீட்டுக் கம்பெனி "அழகுச் சிகிச்சை" என்று தள்ள வாய்ப்புண்டு. ஆகவே டாக்டரின் சீட்டில் கோணம், பார்வை, காரணம் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனை அரை நாள் ஆனது. ஒரு கண்ணை மூடுவார்கள், மறுகண்ணை மூடுவார்கள், படிப்படியாகத் தடிக்கும் பட்டகச் சீப்பை கண் முன்னால் ஏற்றி இறக்குவார்கள். ஒரு பெரிய இயந்திரத்தில் இரண்டு குழல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு குழலில் சிங்கம், மறு குழலில் கூண்டு. "கைப்பிடியை நகர்த்திச் சிங்கத்தைக் கூண்டுக்குள்ள விடுங்க." நகர்த்தினேன். கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சிங்கத்தைக் காணோம். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கூண்டுக்கு மறுபக்கத்தில் வந்து நிற்கிறது. மூன்று தடவை முயன்றேன். அந்தச் சிங்கத்தை மறைப்பது என் மூளைதான் என்று அந்தப் பெண் சொன்னாள். 38 வருடம் இடது கண் பார்த்ததையெல்லாம் எனக்குத் தெரியாமலே தூக்கி எறிந்துகொண்டிருந்த ஒரு குமாஸ்தாவை அன்றைக்குத்தான் நேரில் பிடித்தேன்.

இந்தச் சோதனைகளில் ஒன்று முடிவெடுக்க முக்கியமானது. கண் நேரானால் எப்படியிருக்கும் என்று பட்டகத்தை வைத்தே முன்கூட்டிக் காட்டுவார்கள். அப்போது இரட்டை தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் அறுவைக்குப் பிறகும் தெரிய வாய்ப்புண்டு. பலருக்குச் சில நாளில் பழகிப்போகும், மிகச் சிலருக்கு நிற்கும். இதைச் செய்து பார்த்தார்களா என்று நீங்களாகவே கேளுங்கள்.

அறுவை என்றால் கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்று எங்கள் ஊரில் பேச்சு. அப்படியெல்லாம் இல்லை. ஆறு தசைகளில் நேராக இழுக்கும் நான்கும் கருவிழி ஓரத்திலிருந்து 5.5 முதல் 7.7 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைவிழியில் ஒட்டியிருக்கின்றன. மேலே உள்ள மெல்லிய சவ்வைத் திறந்து, அதிகமாக இழுக்கும் தசையைப் பின்னால் தள்ளித் தைப்பார்கள். தளர்ந்ததைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்குவார்கள். தையற்கடையில் இடுப்பு பிடிப்பதும் விடுவதும்தான். கணக்கு மட்டும் மில்லிமீட்டரில். நூல் தானே கரையும். கண்ணை அழுத்தினால் இதயத் துடிப்பு குறையும் என்று 1908-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். தசையை இழுத்தாலும் அப்படிக் குறையலாம்; அதற்காகவே மயக்க மருந்து டாக்டர் துடிப்பையே கவனித்துக்கொண்டிருப்பார். இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்குச் சரிசெய்யக்கூடிய தையல் போட்டார்கள். உருவு முடிச்சு மாதிரி ஒன்று. மறுநாள் காலையில் மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, சுவரில் ஒரு எழுத்தைப் பார்க்கச் சொல்லி, நூலைக் கொஞ்சம் இழுத்து முடிச்சைக் கட்டினார் டாக்டர். வலி இல்லை. கண்ணுக்குள் யாரோ குடையைத் திருப்புவது போல ஓர் இழுப்பு, வயிறு குமட்டியது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் சாதாரணத் தையலே கேட்கலாம்.

கண் இரண்டு வாரம் கோவைப்பழம். மூன்று வாரம் ஆற்றில் குளிக்கக் கூடாது என்றார்கள். சேரன்மகாதேவிக்காரனுக்கு ஆடி மாதத்தில் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டே வீட்டில் சொம்பில் ஊற்றிக் குளிப்பது அறுவையை விடக் கஷ்டம்.

இழப்பும் ஒன்று உண்டு, அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. வெளிப்பக்கம் விலகின கண், பக்கவாட்டில் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். நேரானதும் அந்தக் கூடுதல் போய்விட்டது. வண்ணார்பேட்டை பாலத்தடியில் ரோட்டைக் கடக்கும்போது முன்பெல்லாம் இடப்பக்கம் வருகிற பைக் தலையைத் திருப்பாமலே தெரியும். இப்போது திருப்ப வேண்டியிருக்கிறது. ஆறேழு மாதம் அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தினது போல இருந்தது. மறுபுறம், மத்தியான வெயிலில் ஒரு கண்ணைத் தானாக இறுக்கி மூடிக்கொள்ளும் பழக்கம் குறைந்துவிட்டது.

ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்கு முதல் அறுவையிலேயே கண் பார்க்கிறவர்களுக்கு நேராகத் தெரியும். மற்றவர்களுக்கு விலகல் மிஞ்சும், அல்லது எதிர்ப்பக்கம் போகும், அல்லது வருடங்கள் கழித்துத் திரும்ப விலகும். இரண்டாவது அறுவை தேவைப்படலாம். இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ள முடியாதவர் மேசையில் படுக்காமல் இருப்பது நல்லது. சிங்கம் இன்றைக்கும் எனக்குக் கூண்டுக்குள் போகவில்லை. டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

எங்கே, எவ்வளவு

நெல்லைக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஜங்ஷனில் சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து இருக்கிறது. கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் மாறுகண்ணுக்கென்று தனியாகப் பார்க்கிற டாக்டரைக் கேளுங்கள். குழந்தைக் கண் பிரிவில்தான் பெரும்பாலும் இருப்பார்கள். பிள்ளைகளோடு வரிசையில் உட்கார வெட்கப்பட வேண்டாம். என் பக்கத்தில் இருந்த நாலு வயதுப் பொடியன், "மாமா, ஒங்களுக்குமா?" என்று கேட்டுத் தன் பிஸ்கெட்டில் ஒன்றைத் தந்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பதிவு செய்யும்போதே காட்டி, இதற்கு ஆகுமா என்று விசாரித்துவிடுங்கள். எனக்குப் போக்குவரத்து, மருந்து எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம் ஆனது. சம்பளமில்லாத லீவு தனி.

இப்போது மறுபடி கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தேன். முதல் பத்து 35-லிருந்து 85-க்கு வந்திருக்கிறது. இரண்டாம் பத்து 80-லேயே நிற்கிறது. நான் வாங்கப் போனது முதல் பத்துத்தான், வாங்கிவிட்டேன். ஆச்சிக்கு மட்டும் இன்னும் வருத்தம். "இருந்த அதிர்ஷ்டத்தையும் தச்சுப்புட்டு வந்துட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

போன தீபாவளிக்கு ஆள் பற்றாக்குறை. மேலாளர் என் மேசைக்கு வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "சேலைக்குத் திரும்ப வாரியா?" என்றார். அவர் கேட்டதில் சந்தோஷம் இல்லையென்று சொன்னால் பொய். ஜவுளிக்கடை ஆட்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்துவிட்டது. எங்கள் சேலைப் பகுதிக்கு ஸ்டூல் மட்டும் இன்னும் வரவில்லை. "பத்து நாளைக்கு வாரேன் சார்" என்றேன். "பொறவு கணக்குக்கே வந்துருதேன். இங்க நாற்காலி உண்டுல்லா."